அறை ஓசை

ஒவ்வொரு பேட்டி முடிந்ததும்
ஒரு நிமிடம் யாரும் பேசாதீர்கள் என்பேன்.
அது என் வேலை.
வெறும் அறைக்கும் ஓர் ஓசை உண்டு.
வெட்டிய வாக்கியங்களுக்கு நடுவே
பள்ளம் தெரியாமல் அதைப் போட்டு மெழுக வேண்டும்.

லெசோத்தோ, மொகோட்லோங் மலை.
ஜூலைப் பனி கதவிடுக்கில் நுழைந்துகொண்டிருந்த குடிசையில்
கவுஹெலோ உட்கார்ந்திருந்தாள்,
கணவனின் போர்வையை ஊக்குக் குத்திப் போர்த்தி.
"பேசியது போதாதா? பேசாமல் இருப்பதும் வேண்டுமா உங்களுக்கு?"
மொழிபெயர்த்த பையன் சிரித்தான். நானும்.

வழக்கு இதுதான்:
பதினேழு செம்மறிகள் காணவில்லை.
லெட்லாட்சாவின் பட்டியில் இரண்டு ஆடுகளின் காதில்
வெட்டு புதிதாக இருந்தது.
அங்கே காதுதான் பத்திரம்.
இடக்காதில் ஒரு பிளவென்றால் ஒரு வீடு,
வலக்காதின் நுனி இல்லையென்றால் இன்னொரு வீடு.
ஆட்டுக்காவல் சங்கத்தார் விடியுமுன் வந்தார்கள்,
கம்புகளோடு.
கவுஹெலோவை முகம் தரையில் பதிய அழுத்திப் பிடித்திருந்தார்கள்.
அவள் எதையும் பார்க்கவில்லை.
குரல்களைக் கேட்டாள்.
அவள் கல்யாணத்தில் பாடிய அதே குரல்கள்.

பார்க்காதவளைக் கூண்டில் ஏற்றவில்லை.
ஏற்றிய பன்னிரண்டு பேரும்
பின்னால் நின்றவர்கள்.
முன்னால் நின்றது யார் என்றார் நீதிபதி.
மூடுபனி என்றார்கள்.
சாட்சிப் பொருளான நான்கு காதுகளையும்
காவல் நிலைய அலமாரியில் எலி தின்றிருந்தது.
தள்ளுபடி.

மறு குளிர்காலம் படத்தை அந்த ஊருக்கே கொண்டுபோனோம்.
பள்ளிச் சுவரில் வெள்ளைத் துணி, வாசலில் ஜெனரேட்டர்.
திரையில் தன் நாயைக் கண்ட சிறுவன்
பெயர் சொல்லிக் கூவ,
வெளியே படுத்திருந்த நாய் எழுந்து உள்ளே வந்தது.
பின்னால் நின்ற பன்னிரண்டு பேரும்
அன்று முதல் வரிசையில்.

ஊர்த்தலைவர் செகோட்டோ திரையில் சொன்னார்:
"நான் பார்க்கவில்லை."
கொஞ்சம் விட்டு,
"யாரும் பார்க்கவில்லை."
நல்ல காட்சி அது. எங்கோ ஒரு திரைப்பட விழாவில்
அந்த இடைவெளிக்கே கைதட்டியிருக்கிறார்கள்.

விளக்குப் போட்டதும் கவுஹெலோ என்னிடம் வந்தாள்.
"என்னுடைய அந்த ஒரு நிமிடம் எங்கே?"
தொழில் பெருமையில் சொல்லிவிட்டேன்.
தலைவர் வீட்டில் தகரக்கூரை கடகடத்தது,
அவர் பேச்சில் வெட்டிய இடமெல்லாம் ஓட்டை,
உங்கள் வீட்டு ஓசையைத்தான் அடியில் விரித்தேன்,
ஒட்டுப்போட்டது யாருக்கும் தெரியாது.

அதை இரண்டு முறை மொழிபெயர்க்கச் சொன்னாள்.
"பார்க்கவில்லை என்று அவன் சொன்னபோது
அடியில் கிடந்தது நானா?"

உருவிவிட முடியுமா என்று கேட்டாள்.
படம் ஒன்பது நாடுகளுக்குப் போயிருந்தது.

"சரி. அப்படியானால் இப்போது பிடி."

அதே குடிசை. வறட்டிப் புகை.
ஹெட்போனை மாட்டிக்கொண்டு
ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினேன், பழக்கத்தில்.
அவள் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள்.
அவசரமில்லை.
நடுவில் எழுந்து மக்காச்சோளக் களியைக் கிளறிவிட்டு
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.
பெயர்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.
இருந்தும் நான்காவது பெயரில்
அந்தப் பையன் எழுந்து வெளியே போனான்.
அவன் ரப்பர் பூட்ஸ் பனியை மிதிக்கும் சத்தம்
ஏழாவது பெயர்வரை பதிவில் இருக்கிறது.

எல்லையில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.
கோப்புக்குத் தலைப்பிட்டேன்:
அறை ஓசை, குடிசை, ஒரு நிமிடம்.
அவளைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

எல்லை தாண்டி ஆறு வருடமாகிறது.
தலைப்பு இன்னும் அதுதான்.